கேபிளின் மறுமுனை

போன மாதம் நாக்பூரில் எங்கள் மண்டல அலுவலகத்தில் ஒரு பர்ச்சேஸ் கமிட்டி கூடியது. கிளைகளின் சிசிடிவி பதிவுகளைச் சேர்த்து வைக்கும் சர்வரில் இடம் தீர்ந்துவிட்டது. (2016 நோட்டு மாற்றத்தின்போது நவம்பர் 8 முதல் டிசம்பர் 30 வரையிலான பதிவுகளை அழிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொன்னதிலிருந்து கேமரா பதிவு என்றாலே எங்கள் ஆட்களுக்கு ஒரு பயம். எதையும் அழிக்க மனசு வராது.) புது சர்வர் வேண்டாம், பக்கத்தில் ஒரு டிஸ்க் பெட்டியை வைத்து ஒரு கேபிளால் சர்வரோடு இணைத்தால் போதும் என்று முடிவானது. இதற்கு டைரக்ட் அட்டாச்டு ஸ்டோரேஜ் என்று பெயர், சுருக்கமாக டாஸ். பெட்டியில் 24 டிஸ்க் போடலாம். மூன்று கொட்டேஷன் வந்திருந்தது.

மூன்றிலும் பெட்டியின் விலை நியாயமாகத்தான் இருந்தது. உள்ளே போடும் டிஸ்க்கின் விலையில்தான் எல்லாருக்கும் புருவம் உயர்ந்தது. கமிட்டியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அதிகாரி, "சார், இதே கம்பெனி டிஸ்க், இதே மாடல், வெளியே பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறதே. நாமே வாங்கிப் போட்டுக்கொண்டால் என்ன?" என்று கேட்டார். வந்திருந்த விற்பனைப் பிரதிநிதி சிரித்தார். "போடலாம் மேடம். பெட்டி ஏத்துக்காது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2003 மார்ச் 31 ராத்திரி ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் கதையை மட்டும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இரண்டு வாரமாக இதைப் பற்றிப் படித்ததில், எங்கள் கமிட்டி அறையில் நடந்தது ஐம்பது வருடத்துக்கும் மேலான ஒரு பழைய சண்டை என்று தெரிந்தது. பி.காம். படித்தவன் ஹார்ட் டிஸ்க் வரலாறு எழுதுகிறானே என்று நினைக்காதீர்கள். உலகத்தின் முதல் ஹார்ட் டிஸ்க்கே கணக்குப்பிள்ளைகளுக்காகச் செய்ததுதான். நிஜமாகவே.

1956 செப்டம்பரில் ஐபிஎம் அறிவித்த அந்த இயந்திரத்தின் பெயர் 305 ரேமாக். விரித்தால் ராண்டம் ஆக்சஸ் மெத்தட் ஆஃப் அக்கவுண்டிங் அண்ட் கண்ட்ரோல். பெயரிலேயே அக்கவுண்டிங் இருக்கிறது, கவனித்தீர்களா? அதுவரை பெரிய கம்பெனிகளின் கணக்கு துளை அட்டைகளில் இருந்தது. ஒரு வாடிக்கையாளரின் பாக்கி தெரிய வேண்டும் என்றால் அட்டைகளை வரிசைப்படுத்தி மொத்தக் கட்டையும் ஓட்ட வேண்டும். சாத்தூரில் எங்கள் அப்பாவின் கடையில் வாரம் முழுக்கச் சிட்டையில் எழுதி ஞாயிற்றுக்கிழமை பேரேட்டில் ஏற்றுவார்கள். புதன்கிழமை யாராவது வந்து "என் பாக்கி எவ்வளவு?" என்று கேட்டால் பதில் இருக்காது. அதே சங்கடம்தான் அங்கேயும். கலிபோர்னியாவின் சான் ஹோஸேயில் ரேனால்ட் ஜான்சன் என்பவர் தலைமையில் இருந்த ஒரு சின்ன ஆய்வகம், பேரேட்டில் வேண்டிய பக்கத்தைப் பிரிப்பது போல வேண்டிய கணக்கை நேராக எடுக்க ஒரு வழி கண்டுபிடித்தது.

அந்த இயந்திரத்தின் டிஸ்க் பெட்டிக்கு 350 என்று பெயர். 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள், ஒன்றன் மேல் ஒன்றாக. நிமிடத்துக்கு 1200 சுற்று. ஒரே ஒரு கை லிஃப்ட் மாதிரி மேலும் கீழும் ஓடி, வேண்டிய தட்டுக்குள் நுழைந்து எழுத்தைப் படிக்கும். எடை ஒரு டன்னுக்கு மேல். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று உங்கள் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ. மாத வாடகை டிஸ்க் பெட்டிக்கு மட்டும் 650 டாலர்.

இடம் போதவில்லை என்றால்? பிற்பாடு இன்னொரு 350 பெட்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து இணைத்துக்கொள்ளும் வசதி வந்தது. ஆக நாங்கள் போன மாதம் கொட்டேஷன் வாங்கிய சமாச்சாரம் அப்போதே ஆரம்பித்துவிட்டது. ஒரே வித்தியாசம், அந்த இரண்டாவது பெட்டியை ஐபிஎம்மிடம்தான் வாங்க வேண்டும். வேறு யாரிடமும் இல்லை. வேறு யாரிடமாவது வாங்கலாம் என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றியிருக்காது.

தோன்ற வைத்ததே ஐபிஎம்தான். 1964 ஏப்ரலில் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தார்கள். சின்னதிலிருந்து பெரியது வரை எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே மாதிரி இணைப்பு. கம்ப்யூட்டரிலிருந்து சேனல் என்ற பாதை வெளியே வரும். விரல் தடிமனைவிடப் பெரிய இரட்டைக் கேபிள், ஒன்றுக்கு பஸ், மற்றதற்கு டேக் என்று பெயர். அதில் கன்ட்ரோல் யூனிட்டுகளைக் கோத்துக்கொண்டே போகலாம், ஒரு சேனலுக்கு எட்டு வரை. கன்ட்ரோல் யூனிட்டுக்குப் பின்னால் டிஸ்க்குகள். சின்னக் கம்ப்யூட்டரை மாற்றிப் பெரியது வாங்கினாலும் பழைய டிஸ்க்கை அப்படியே மாட்டிக்கொள்ளலாம். அந்த இணைப்பு எப்படி வேலை செய்யும் என்று ஒரு கையேடும் போட்டு வெளியிட்டார்கள்.

வாடிக்கையாளருக்கு எவ்வளவு சௌகரியம்! போட்டியாளருக்கு அதைவிடச் சௌகரியம். கேபிளின் இந்த முனை எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் என்றால், மறுமுனையில் யார் பெட்டி செய்தால் என்ன?

1967 டிசம்பரில் சான் ஹோஸே ஐபிஎம்மிலிருந்து 12 பேர் ஒன்றாக விலகி இன்பர்மேஷன் ஸ்டோரேஜ் சிஸ்டம்ஸ் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். அந்த வருடம் வந்த ஹாலிவுட் படத்தின் பெயரையே இவர்களுக்கும் வைத்துவிட்டார்கள், டர்ட்டி டஜன் என்று. அவர்கள் செய்த டிஸ்க்கை ஒக்லஹோமாவில் இருந்த டெலக்ஸ் என்ற கம்பெனி விற்றது. அதுவரை காந்த நாடா விற்றுக்கொண்டிருந்த மெமோரெக்ஸ் கம்பெனியும் 1968ல் ஐபிஎம் கம்ப்யூட்டரில் அப்படியே மாட்டக்கூடிய டிஸ்க்கோடு வந்தது. செருகினால் வேலை செய்யும், வாடகை ஐபிஎம்மைவிடக் குறைவு. வாடிக்கையாளருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஐபிஎம் என்ன செய்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1970 செப்டம்பரில் 2319 என்று ஒரு டிஸ்க்கை அறிவித்தது. புது டிஸ்க் என்று பெயர்தானே தவிரப் பழைய 2314 டிஸ்க்கின் மறுபிறவி. விலை குறைவு. தந்திரம் விலையில் மட்டும் இல்லை. அதுவரை கேபிளுக்கு அந்தப் பக்கம் தனிப் பெட்டியாக இருந்த கன்ட்ரோல் யூனிட்டை, கம்ப்யூட்டருக்கு உள்ளேயே வைத்துவிட்டார்கள். ஊரறிந்த கேபிள் முனை மறைந்தது. புது இணைப்பு எப்படி என்று போட்டியாளர்கள் மறுபடி முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். 1971 மே மாதம் அடுத்த அடி. டிஸ்க் முதலான வெளிப் பெட்டிகளை ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டு எடுத்தால் வாடகையில் 8 சதவீதம் தள்ளுபடி, இரண்டு வருடத்துக்கு என்றால் 16 சதவீதம். நடுவில் விட்டுப் போனால் அபராதம். இரண்டு மாதம் கழித்து, போட்டியே இல்லாத கம்ப்யூட்டரின் விலையை ஏற்றினார்கள். இடது கையால் கொடுத்து வலது கையால் வாங்குவது என்று எங்கள் ஊரில் சொல்வோம். ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை :-)

1972ல் டெலக்ஸ் வழக்குப் போட்டது. 1973 செப்டம்பரில் நீதிபதி ஷெர்மன் கிறிஸ்டென்சன் தந்த தீர்ப்பு அமெரிக்க வணிக உலகத்தையே உலுக்கியது. ஐபிஎம் ஏகபோக உரிமையைத் தவறாகப் பயன்படுத்தியது, டெலக்ஸுக்கு 35.25 கோடி டாலர் தர வேண்டும். அதே தீர்ப்பில் இன்னொரு பக்கமும் உண்டு. டெலக்ஸ் ஐபிஎம் ஆட்களை இழுத்து, ரகசியங்களையும் இழுத்துக்கொண்டது, அதற்கு டெலக்ஸ் 2.19 கோடி டாலர் தர வேண்டும். இரண்டு தொகையும் கொஞ்ச நாளில் குறைக்கப்பட்டன. 1975 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் முதல் பாதியைத் தள்ளுபடி செய்தது. விலையைக் குறைத்ததும் வடிவத்தை மாற்றியதும் சாதாரணப் போட்டிதான் என்றது. ரகசியத் திருட்டு மட்டும் நின்றது. ஜெயித்த டெலக்ஸ் ஒரே நாளில் கடன்காரக் கம்பெனியாகிவிட்டது. உச்ச நீதிமன்றம் போகும் வழியில், அதே வருடம் அக்டோபரில், ஒருவருக்கொருவர் ஒன்றும் தர வேண்டாம் என்று சமரசம் ஆனார்கள். அமெரிக்க அரசே 1969ல் ஐபிஎம் மேல் போட்ட பெரிய வழக்கு 13 வருடம் ஓடி 1982 ஜனவரியில் கைவிடப்பட்டது.

யார் பக்கம் நியாயம்? படித்தவரைக்கும் எனக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரிகிறது. பத்து வருடம் செலவழித்து டிஸ்க் கண்டுபிடித்தவனுக்கு அதன் வருமானம் வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் வாசலைத் திறந்து வைத்துக் கூட்டத்தைச் சேர்த்துவிட்டு, கூட்டம் சேர்ந்த பிறகு வாசலை இடம் மாற்றுவது வேறு விஷயம்.

நம் நாட்டில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. அந்நியச் செலாவணிச் சட்டப்படி இந்தியக் கிளையில் வெளிநாட்டுப் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்னதற்கு ஒப்பாமல் ஐபிஎம் 1978ல் மூட்டை கட்டியது. விட்டுப் போன இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பு சிஎம்சி என்ற அரசு நிறுவனத்துக்கு வந்தது. யாருடைய டிஸ்க்கை மாட்டலாம் என்பது அங்கே கேள்வி. இருக்கிற டிஸ்க் நின்றுபோனால் என்ன செய்வது என்பது இங்கே கேள்வி. வங்கிகளில் ரங்கராஜன் கமிட்டியின் 1984 அறிக்கைக்குப் பிறகுதான் கிளைகளுக்கு லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வர ஆரம்பித்தது. அதற்கும் யூனியன்களோடு எத்தனை பேச்சுவார்த்தை! அது தனிப் பதிவுக்கான விஷயம்.

கேபிள் மறுபடி திறந்த கதைக்கு வருவோம். ஆலன் ஷுகார்ட் என்ற ஒரு மனிதரின் பெயர் இதில் நடுவே வரும். ஐபிஎம்மில் டிஸ்க் செய்தவர். 1969ல் மெமோரெக்ஸுக்குப் போனார். 1973ல் தன் பெயரிலேயே ஷுகார்ட் அசோசியேட்ஸ் ஆரம்பித்தார், அடுத்த வருடமே அதிலிருந்து வெளியேறினார். 1979ல் ஃபினிஸ் கானரோடு சேர்ந்து ஆரம்பித்த கம்பெனிதான் சீகேட். 1980ல் அவர்கள் கொண்டுவந்த ஐந்தேகால் அங்குல டிஸ்க்கின் கொள்ளளவு 5 எம்பி. ஒரு டன் ரேமாக் வைத்திருந்த அளவுதான் ஏறக்குறைய. 24 வருடத்தில் ஒரு டிபன் பாக்ஸ் அளவுக்கு வந்துவிட்டது.

அவர் விட்டுவிட்டு வந்த ஷுகார்ட் அசோசியேட்ஸில் லாரி பௌச்சர் என்ற இன்ஜினியர் அதே சமயம் ஒரு இணைப்பு முறையை வடிவமைத்தார். அதில் இருந்த யோசனை எளிமையானது. அதுவரை கம்ப்யூட்டர் டிஸ்க்கிடம் எத்தனையாவது தலை, எத்தனையாவது வளையம், எத்தனையாவது துண்டு என்று முகவரி சொல்லிக் கேட்க வேண்டும். டிஸ்க்கின் உள் அமைப்பு தெரியாமல் பேச முடியாது. பௌச்சரின் முறையில் "4512ஆம் பிளாக்கைக் கொடு" என்றால் போதும். அது எங்கே இருக்கிறது என்பது டிஸ்க்கின் கவலை. வங்கிக் கவுண்டரில் கணக்கு எண்ணைச் சொன்னால் போதாதா, லெட்ஜர் எந்த அலமாரியில் இருக்கிறது என்று வாடிக்கையாளர் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? ஐபிஎம் 1970ல் மூளையைக் கம்ப்யூட்டருக்கு உள்ளே இழுத்துக்கொண்டது. இவர் மூளையை டிஸ்க்கிடமே கொடுத்துவிட்டார்.

கம்பெனி பெயரோடு இருந்த அந்த முறையை மற்றவர்களும் ஏற்றுக்கொள்வதற்காகப் பெயரை மாற்றி, 1986ல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு ஸ்மால் கம்ப்யூட்டர் சிஸ்டம் இன்டர்ஃபேஸ் என்று அங்கீகரித்தது. எஸ்சிஎஸ்ஐ. இதைச் 'செக்ஸி' என்று உச்சரிக்க வேண்டும் என்பது பௌச்சரின் ஆசையாம். உலகம் 'ஸ்கஸி' என்று கூப்பிட்டுவிட்டது. ஒரு கேபிளில் எட்டு முகவரி. ஒன்று கம்ப்யூட்டருக்கு, மீதி ஏழில் டிஸ்க்கோ டேப்போ ஸ்கேனரோ யாருடையதையும் கோக்கலாம். அதே 1986 ஜனவரியில் வந்த மெக்கிண்டாஷ் பிளஸ் கம்ப்யூட்டரின் முதுகில் ஸ்கஸி துளை இருந்தது. டிடிபி கடைக்காரர்கள் வரிசையாக வெளி டிஸ்க் வாங்கி மாட்ட ஆரம்பித்தார்கள். இந்த டிடிபி கடையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் கதை. 2003ல் நான் விதர்பாவில் ஒரு தாலுகா ஊர்க் கிளையில் இருந்தேன். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையராக இருந்த என். விட்டல் வங்கி வியாபாரத்தில் 70 சதவீதத்தை 2001 ஜனவரி 1க்குள் கம்ப்யூட்டருக்கு மாற்றியாக வேண்டும் என்று கெடு வைத்தார். அந்த அவசரத்தில் எல்லாக் கிளைக்கும் சர்வர் வந்து இறங்கியது. கிளையில் வயதில் சின்னவன் என்ற ஒரே தகுதியால் நான் சிஸ்டம் ஆபீசர். எஸ்சிஓ யூனிக்ஸ், 9 ஜிபி ஸ்கஸி டிஸ்க் இரண்டு. ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும்.

மார்ச் 31, திங்கட்கிழமை, வருடக் கணக்கு முடிப்பு. ராத்திரி ஒன்பதரைக்கு வட்டி போடும் புரோகிராம் பாதியில் நின்றது. டிஸ்க்கில் இடமில்லை. மூன்று வருட ரிப்போர்ட்டுகள் உள்ளேயே குவிந்து கிடந்தன. அழிக்கலாம் என்றால் ஆடிட்டர் இன்னும் பார்க்கவில்லை. டேப்பில் எடுத்துவிட்டு அழிக்கலாம் என்றால், கிளையில் இருந்த டேப்புகளில் இரண்டு அந்த வாரம்தான் படிக்க மறுத்திருந்தன. இருக்கிற ஒரே பிரதியை டேப்பை நம்பி அழிக்க எனக்குத் துணிவில்லை. காலை பத்து மணிக்குள் கணக்கு முடிந்தாக வேண்டும். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பிரார்த்தனையா தூக்கமா தெரியவில்லை.

பராமரிப்புக் கம்பெனியின் இன்ஜினியர் பையன் எழுபது கிலோமீட்டர் பைக்கில் வந்தான். அவன் பையிலேயே ஒரு புது 9 ஜிபி டிஸ்க் இருந்தது. எங்கள் சர்வரில் இருந்த அதே சீகேட், அதே மாடல். சர்வரின் முகப்பில் மூன்றாவது பள்ளம் காலியாகவும் இருந்தது. மாட்ட முடியவில்லை. ஏன் தெரியுமா? அந்தப் பள்ளத்தில் டிஸ்க்கைப் பிடித்து உள்ளே தள்ளும் பிளாஸ்டிக் தட்டு, டிரே என்பார்கள், அது அந்த சர்வர் கம்பெனியின் சொந்த வடிவம். டிஸ்க்கோடு சேர்த்துத்தான் விற்பார்கள். தனியாகக் கிடைக்காது. ஆர்டர் கொடுத்தால் மூன்று வாரம். காலி பள்ளத்தில் இருந்த மூடி வெறும் அட்டை மாதிரி, அதில் டிஸ்க் உட்காராது. நூறு ரூபாய் பெறாத ஒரு தட்டு இல்லாமல் பதினோராயிரம் கணக்குகளின் வட்டி நின்றது.

பையன்தான் சர்வரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டான், "சார், இந்த ஊரில் மெக்கிண்டாஷ் வைத்திருக்கிற பிரஸ் இருக்கிறதா?" இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ். எங்கள் கிளையில் ஓவர்டிராஃப்ட் வைத்திருந்தவர். ராத்திரி பதினொன்றரைக்குப் போய்க் கதவைத் தட்டினோம். வங்கி மேனேஜரே நடு ராத்திரியில் வாசலில் நின்றதும் பாவம், ஓவர்டிராஃப்டுக்காக வந்திருக்கிறோம் என்று பயந்துவிட்டார். வேண்டியது அவருடைய பழைய மெக் டிஸ்க் பெட்டி என்று தெரிந்ததும் டீ போடச் சொன்னார். ஸ்கஸி பெட்டி, உள்ளே 2 ஜிபி டிஸ்க்.

எங்கள் சர்வரின் முதுகில் பேக்கப் டேப் டிரைவ் ஸ்கஸி கேபிளில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கத்தில் செருகியிருந்த டெர்மினேட்டரைக் கழற்றி (ஸ்வார்ஸ்நெகர் இல்லை, கேபிளின் கடைசி முனையில் சிக்னல் திரும்பி வராமல் இருக்கப் போடும் ஒரு மூடி), அந்த இடத்தில் பிரஸ்காரர் பெட்டியைக் கோத்து, டெர்மினேட்டரை அதன் வாலில் செருகினான். முதல் தடவை சர்வர் எழுந்திருக்கவில்லை. டேப்புக்கும் டிஸ்க்குக்கும் ஒரே முகவரி. பெட்டியின் பின்னால் இருந்த சின்னச் சக்கரத்தை 5க்குத் திருப்பினதும் டிஸ்க் தெரிந்தது. கெர்னலை மறுபடி லிங்க் செய்து ரீபூட். பழைய ரிப்போர்ட்டுகளை அங்கே நகர்த்தி, இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வட்டி புரோகிராமை முதலிலிருந்து ஓட்டினோம். விடிகாலை நாலரைக்கு முடிந்தது.

இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. வாடிக்கையாளர் கணக்கு விவரங்களை வெளியாள் ஒருவரின் டிஸ்க்கில், வேறு நகல் இல்லாமல் வைத்தோம். இன்று செய்தால் எனக்கு சார்ஜ் ஷீட். அன்றைக்கும் மேனேஜர் அதைத்தான் நினைத்தார். காலையில் பிரஸ்காரருக்குப் புது டிஸ்க் வாங்கிக் கொடுத்து, அந்தப் பழைய டிஸ்க்கைத் திருப்பித் தரவில்லை. டெட் ஸ்டாக் ரிஜிஸ்டரில் எழுதி ஸ்ட்ராங் ரூமில் வைத்துப் பூட்டினோம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கம்பெனியின் சொந்தத் தட்டு கைவிட்ட இடத்தில் எங்களைக் காப்பாற்றியது, யாருடையதையும் யாரோடும் கோக்கலாம் என்ற அந்தப் பொதுக் கேபிள்.

ரெய்ட் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. 1987 டிசம்பரில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் ஒரு கட்டுரை எழுதி, 1988ல் வெளியிட்டார்கள். ஐபிஎம்மின் ராட்சச டிஸ்க் ஒன்றுக்குப் பதில் பிசிக்களில் போடும் மலிவு டிஸ்க் நூறைச் சேர்த்துக் கட்டினால் என்ன என்பது கேள்வி. சிக்கலையும் அவர்களே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் ஓடும் என்றால், நூறு டிஸ்க் சேர்ந்த கூட்டத்தில் 300 மணிக்கு ஒன்று போய்விடும். இரண்டு வாரம்கூடத் தாங்காது. அதற்கு மருந்து பிளஸ் டூ வணிகவியல் படித்த யாருக்கும் புரியும். நான்கு பத்திகளில் தொகை, ஐந்தாவது பத்தியில் கூட்டுத்தொகை. ஒரு பத்தியைக் கறையான் தின்றுவிட்டது. என்ன செய்வீர்கள்? கூட்டுத்தொகையிலிருந்து மீதி மூன்றைக் கழித்தால் தின்றது திரும்பி வந்துவிடும். டிஸ்க்கில் கழித்தலுக்குப் பதில் இரும எண்களில் வேறொரு கணக்கு, தத்துவம் அதேதான். ரெய்ட் 5 என்ற முறையில் கூட்டுத்தொகை எழுதும் வேலையை எல்லா டிஸ்க்கும் முறை வைத்துச் செய்யும். இன்று டிஸ்க் பெரிதாகிவிட்டது. போன டிஸ்க்கை மறுபடி கட்டி முடிக்க ஒரு நாளுக்கு மேலே ஆகலாம். அதற்குள் இன்னொன்று போனால்? அதனால் இரண்டு விதக் கூட்டுத்தொகை எழுதும் ரெய்ட் 6.

ரெய்டில் ஐ என்ற எழுத்துக்கு முதலில் இன்எக்ஸ்பென்சிவ், அதாவது மலிவான, என்றுதான் அர்த்தம். விற்க ஆரம்பித்த கம்பெனிகள் அதை இன்டிபென்டன்ட் என்று மாற்றிவிட்டன. மலிவு என்று பெயர் வைத்து எப்படிக் கொள்ளை விலைக்கு விற்பது?

தொண்ணூறுகளில் ஃபைபர் சேனல் வந்து, டிஸ்க்குகளுக்கென்று தனி நெட்வொர்க்கே கட்டினார்கள். சான் என்று பெயர். அதற்குப் பிறகுதான் சர்வரில் நேராக மாட்டுவதற்கு டாஸ் என்று பெயர் தேவைப்பட்டது. பிராய்லர் வரும்வரை நாட்டுக்கோழிக்கு வெறும் கோழி என்றுதானே பெயர்? ஆனால் நாட்டுக்கோழி அழியவில்லை. 2003ல் ஸ்கஸியின் பேச்சை அப்படியே வைத்துக்கொண்டு, தடித்த பட்டைக் கேபிளை மெல்லிய சீரியல் கேபிளாக மாற்றினார்கள். அது எஸ்ஏஎஸ். முகவரிச் சக்கரம், டெர்மினேட்டர் தொல்லை போயிற்று. நடுவில் எக்ஸ்பாண்டர் என்ற சில்லு வைத்துப் பெட்டிக்குப் பின்னால் பெட்டியாக நூற்றுக்கணக்கான டிஸ்க் கோக்கலாம். மலிவான சாட்டா டிஸ்க்கும் அதே பள்ளத்தில் உட்காரும். 24 பள்ளத்திலும் 20 டிபி டிஸ்க் போட்டால் 480 டிபி. ஒரு மண்டலத்தின் சிசிடிவிக்குத் தாராளம். சான் கட்ட எங்களுக்கு என்ன பைத்தியமா?

கேபிள் திறந்தாயிற்று, தட்டுகூட இப்போது சுலபமாகக் கிடைக்கிறது. அப்புறம் ஏன் பெட்டி ஏற்றுக்கொள்ளாது? பூட்டு இப்போது மென்பொருளுக்குப் போய்விட்டது. டிஸ்க் உள்ளே போனதும் கன்ட்ரோலர் அதன் பெயரையும் ஃபர்ம்வேர் எண்ணையும் கேட்கும். பட்டியலில் இல்லையென்றால் சேர்க்காது. 2010ல் டெல் கம்பெனியின் அப்போதைய புது ரெய்ட் கன்ட்ரோலர்கள் தங்கள் சான்று இல்லாத டிஸ்க்கை மறுத்தன. வாடிக்கையாளர்கள் போட்ட சத்தத்தில் சில மாதத்திலேயே தடையை நீக்கினார்கள். 2025ல் சினாலஜி தன் புது பிளஸ் வரிசைப் பெட்டிகளில் இதே வேலையைச் செய்தது. அதே வருடம் அக்டோபரில் அதுவும் பின்வாங்கியது.

விற்பவர் சொல்வதிலும் உண்மை உண்டு. வீட்டு டிஸ்க் ஒரு பிழை வந்தால் விடாமல் திரும்பத் திரும்பப் படிக்க முயலும். அந்தத் தாமதத்தைப் பார்த்து ரெய்ட் கன்ட்ரோலர் டிஸ்க் செத்துவிட்டது என்று கழற்றிவிடும். 24 டிஸ்க் ஒரே பெட்டியில் அதிரும்போது எல்லா டிஸ்க்கும் தாங்காது. சோதித்துப் பார்த்த டிஸ்க்குக்குத்தான் உத்தரவாதம் தருவோம் என்றால் சரி. உத்தரவாதம் இல்லை என்று சொல்வது வேறு, உள்ளேயே விடமாட்டேன் என்பது வேறு. முன்னது எச்சரிக்கை, பின்னது 2319. மேலும் ஐந்து வருடம் கழித்து அந்த மாடலை அவர்கள் நிறுத்திவிட்டால், அன்றைக்குக் கெட்டுப்போகும் டிஸ்க்குக்கு நாங்கள் எங்கே போவோம்? எந்தப் பிரஸ்காரர் வீட்டுக் கதவைத் தட்டுவோம்?

கமிட்டியில் இதையெல்லாம் சொல்லி நேரத்தை வீணாக்கவில்லை. இரண்டு ஷரத்து மட்டும் எழுதினேன். அந்தப் பெண் அதிகாரி அழகான ஆங்கிலத்தில் திருத்தினார். ஒன்று, பட்டியலில் இல்லாத டிஸ்க்கைப் போட்டால் எச்சரிக்கை விளக்கு எரியலாம், மறுக்கக் கூடாது என்று எழுத்தில் தர வேண்டும். இரண்டு, கூடுதல் டிஸ்க்கின் விலையை ஐந்து வருடத்துக்கு இப்போதே நிர்ணயிக்க வேண்டும். "சாஃப்ட்வேரில் செட்டிங் இருக்கிறது சார், கேட்டால்தான் சொல்வோம்" என்று ஒரு பிரதிநிதி வெளியே டீக்கடையில் என்னிடம் சொன்னார். மூவரில் ஒருவர் விலகிக்கொண்டார். ஒருவர் முதல் ஷரத்துக்கு மட்டும் சம்மதித்தார். மூன்றாமவர் இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டார்.

பெட்டி போன புதன்கிழமை வந்து இறங்கியது. 12 பள்ளத்தில் டிஸ்க். மீதி 12க்கும் உண்மையான டிரே கேட்டு வாங்கியிருக்கிறோம், அட்டை மூடி இல்லை. ஸ்டோர்ஸ் ஆள் சல்லான் பார்த்து டிஸ்க்கை மட்டும் எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போடப் போனார். நிறுத்தி, காலி டிரே பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக எண்ணச் சொன்னேன்.